ஒரு சோறு பதமாவது எப்போது? – மாதிரி எடுக்கும் முறைகளை உழவரும் அறிவோம்



"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. உலையில் ஆயிரக்கணக்கான அரிசி வெந்துகொண்டிருக்க, இல்லத்தரசி ஒரே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானையை இறக்குகிறார். அவர் கணக்குத் தவறுவதில்லை. ஏன்? கொதிக்கும் நீரில் அரிசி மேலும் கீழுமாகப் புரண்டு, எல்லாம் ஒரே சூட்டில் வேகிறது. எந்தப் பருக்கையை எடுத்தாலும் ஒன்றுதான்.

அதே இல்லத்தரசி, விறகு ஒரு பக்கமாக எரியும் அடுப்பில் பெரிய அண்டாவில் விருந்துக்குச் சமைக்கும்போது என்ன செய்கிறார்? ஓர் இடத்தில் எடுத்துப் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று கரண்டியால் எடுத்துப் பார்க்கிறார். கலந்திருக்கும் பொருளுக்கு ஒரு மாதிரி போதும். இடத்துக்கு இடம் வேறுபடும் பொருளுக்குப் பல இடங்களில் எடுக்க வேண்டும். இக்கட்டுரையில் நாம் கற்கப்போகும் பாடம் முழுவதற்கும் இதுவே அடிப்படை.

வயல் என்பது கொதிக்கும் உலை அன்று. மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் வண்டலும் இருக்கும். மடைக்கு அருகில் பயிர் செழித்தும் கடைசிப் பாத்தியில் வாடியும் நிற்கும். ஆகவே வயலில் மாதிரி எடுப்பதற்கு முறை தேவை.

உழவருக்கு இது எதற்கு?

"இது புள்ளிவிவரக்காரர்கள் வேலை, நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து உழவர் ஒருவரின் ஓராண்டைப் பாருங்கள். கேழ்வரகுக்கு எவ்வளவு உரமிடுவது என்பதை அரைக் கிலோ மண் முடிவு செய்கிறது. பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு வருமா வராதா என்பதைச் சில 5 மீட்டர் சதுரங்கள் முடிவு செய்கின்றன. இராயக்கோட்டைச் சந்தைக்குப் போகும் தக்காளியின் விலையை, வியாபாரி கிளறிப் பார்க்கும் இரண்டொரு பெட்டிகள் முடிவு செய்கின்றன. கூழ்த் தொழிற்சாலைக்குச் செல்லும் பெங்களூரா மாம்பழ வண்டியில் எத்தனை விழுக்காடு கழிவு என்பதை, இறக்கிப் பார்க்கும் சில பழங்களே சொல்கின்றன.

நான்கிலும் பணம் உங்களுடையது. மாதிரி எடுப்பவர் சரியாக எடுத்தாரா என்று கேட்கத் தெரிந்திருந்தால் அந்தப் பணத்தைக் காத்துக்கொள்ளலாம்.

ஓசூர்ப் பகுதி உழவர்களுக்கு இது புதிய செய்தியும் அன்று. 1970-களில் தொடங்கிய சிப்காட் தொழில் வளாகத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். தரச் சோதனைப் பிரிவில் இருப்பவரைக் கேளுங்கள். ஆயிரக்கணக்கான திருகாணிகள் கொண்ட பெட்டி வந்தால், அத்தனையையும் அளந்து பார்ப்பதில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையை முறைப்படி எடுத்து அளப்பார்கள். குறையுள்ளவை வரம்பை மீறினால் முழுப் பெட்டியும் திரும்பிப் போகும். அங்கே மகன் செய்யும் அதே வேலையைத்தான் இங்கே தந்தை வயலில் செய்ய வேண்டியிருக்கிறது.

முழுமையும் மாதிரியும்

நாம் அறிய விரும்பும் பொருள் அனைத்தும் சேர்ந்தது 'முழுமைத் தொகுதி'. உங்கள் ஊரின் கேழ்வரகு வயல்கள் எல்லாம், அல்லது ஒரு வண்டியின் தக்காளிப் பெட்டிகள் எல்லாம் முழுமைத் தொகுதிகள். அதிலிருந்து நாம் எடுத்துச் சோதிக்கும் பகுதி 'மாதிரி'. மாதிரியைக் கொண்டு முழுமையைப் பற்றிச் சொல்வதே நோக்கம்.

மாதிரி எடுப்பதற்கு முன், முழுமை எது என்பதைத் தெளிவாக வரையறுத்துக்கொள்ள வேண்டும். 3 ஏக்கரில் ஓர் ஏக்கர் செம்மண் மேடு, 2 ஏக்கர் ஏரிக்குக் கீழ் வண்டல் என்றால், அது ஒரு முழுமை அன்று, இரண்டு முழுமைகள். இரண்டையும் கலந்து ஒரு மண் மாதிரி அனுப்பினால், வரும் பரிந்துரை மேட்டுக்கும் பொருந்தாது, பள்ளத்துக்கும் பொருந்தாது.

கண்ணால் தேர்ந்தெடுத்தால் என்ன?

பலரும் செய்யும் தவறு இதுதான். "வயலைப் பார்த்தால் தெரியாதா? சராசரியாக இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன்" என்பார்கள். மனிதக் கண் தன்னை அறியாமலே ஒரு பக்கம் சாயும். விளைச்சலைப் பெருமையாகச் சொல்ல விரும்புபவர் கண் நல்ல கதிர்களுக்குப் போகும். இழப்பீடு வேண்டுபவர் கண் காய்ந்த பயிருக்குப் போகும். அவசரத்தில் வந்தவர் கால் சாலையோர வயலோடு நின்றுவிடும். இதைப் 'பக்கச் சாய்வு' என்கிறோம்.

நம் நாட்டில் முன்பு விளைச்சலை 'அணா' கணக்கில் கண்மதிப்பாகச் சொல்லும் வழக்கம் இருந்தது. 16 அணா என்றால் முழு விளைச்சல். 8 அணா என்றால் பாதி. கிராம அலுவலர் வயலைச் சுற்றிப் பார்த்துத் தம் அனுபவத்தால் சொன்ன மதிப்பு அது. அனுபவம் பெரிதுதான், ஆனால் அது எவ்வளவு தவறியிருக்கக்கூடும் என்று அறிய வழியே இல்லை. கண்மதிப்பின் பெருங்குறை இது.

அதிக எண்ணிக்கை இந்தக் குறையைப் போக்குமா? போக்காது. 1936-ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது ஒரு வார இதழ், ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பி, 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களைத் திரட்டி, இன்னார் வெல்வார் என்று அறிவித்தது. அவர் படுதோல்வி அடைந்தார். ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். முகவரிகளைத் தொலைபேசி வைத்திருப்போர், கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்து பெரிதும் எடுத்திருந்தார்கள். அக்காலத்தில் அவர்கள் வசதி படைத்தவர்கள். மேலும், பதில் அனுப்ப விரும்பியவர்களே அனுப்பினார்கள். சாய்வான மாதிரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சாய்வாகவே இருக்கும். இதை மனத்தில் இருத்துங்கள்.

முதல் முறை: சமவாய்ப்பு முறை

பக்கச் சாய்வைப் போக்க ஒரே வழி, தேர்வை நம் கையிலிருந்து எடுத்துவிடுவது. முழுமையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்படச் சமமான வாய்ப்பு இருக்க வேண்டும்.

இது நமக்குப் பழக்கமானதே. குலுக்குச் சீட்டில் எல்லாப் பெயர்களையும் எழுதி, ஒரே அளவாகச் சுருட்டி, குலுக்கி எடுக்கிறோம். சோழர் காலத்தில் முதலாம் பராந்தகன் ஆட்சியில், உத்திரமேரூர்ச் சபைக்குக் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததை அவ்வூர்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். சிறுவனுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்பது இல்லை. சமவாய்ப்பின் உட்பொருள் இதுவே.

வயலில் இதை எப்படிச் செய்வது? எடுத்துக்காட்டாக, உங்கள் வயல் 60 தப்படி நீளம், 40 தப்படி அகலம் என்று கொள்வோம். 5 மீட்டர் சதுரம் ஒன்றை அதில் சமவாய்ப்பாகக் குறிக்க வேண்டும். 5 மீட்டர் என்பது சுமார் 7 தப்படி.

1. சதுரம் வரப்பைத் தாண்டிப் போகாதிருக்க, நீளத்திலும் அகலத்திலும் 7 கழியுங்கள். மீதி 53, 33.

2. 1 முதல் 53-க்குள் ஓர் எண், 1 முதல் 33-க்குள் ஓர் எண் குலுக்கி எடுங்கள். சீட்டு எழுத நேரமில்லையேல், சட்டைப் பையிலுள்ள ரூபாய் நோட்டின் வரிசை எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். எல்லையை மீறினாலோ 00 ஆக இருந்தாலோ அடுத்த நோட்டைப் பாருங்கள். 22, 9 என்று வந்ததாகக் கொள்வோம்.

3. வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் 22 தப்படி, பிறகு அகலவாக்கில் 9 தப்படி நடங்கள். நின்ற இடத்தில் முளை அடியுங்கள். அதுவே சதுரத்தின் முதல் மூலை.

4. அங்கிருந்து 5 மீட்டர் கயிற்றால் நான்கு பக்கங்களையும் குறியுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வர வேண்டும். வந்தால் சதுரம் சரி.

முளை அடித்த இடத்தில் பயிர் மோசமாக இருக்கிறதே என்று இரண்டடி தள்ளி அடிக்கக் கூடாது. நன்றாக இருக்கிறதே என்றும் தள்ளக் கூடாது. தள்ளிய அந்த நொடியே சமவாய்ப்பு போய்விட்டது.

இரண்டாம் முறை: ஒழுங்கு இடைவெளி முறை

தக்காளி வண்டியில் 200 பெட்டிகள் உள்ளன. 10 பெட்டிகளைச் சோதிக்க வேண்டும். 200-ஐ 10-ஆல் வகுத்தால் 20. முதலில் 1 முதல் 20-க்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுங்கள். 7 என்று வந்தால், இறக்கும்போது 7, 27, 47, 67 என்று ஒவ்வொரு 20-ஆவது பெட்டியையும் தனியே வையுங்கள். மேலடுக்கு, நடு அடுக்கு, அடி அடுக்கு எல்லாம் இதில் வந்துவிடும். மேலே இருக்கும் இரண்டு பெட்டிகளை மட்டும் பார்த்து விலை பேசுவதைக் காட்டிலும் இருவருக்கும் இது நேர்மையானது.

எளிய முறைதான், ஆனால் ஒரு கண்ணி உண்டு. நம் பகுதியில் கேழ்வரகில் அவரை, மொச்சை போன்றவற்றை ஊடுபயிராக இடும் வழக்கம் இருக்கிறது. கன்னடம் பேசும் உழவர்கள் அதை 'அக்கடி சாலு' என்பார்கள். 8 வரிசை கேழ்வரகுக்கு 1 வரிசை அவரை என்று விதைத்த வயலில், ஒவ்வொரு 9-ஆவது வரிசையாக எண்ணிப் பார்த்தால் என்ன ஆகும்? அவரை வரிசையில் தொடங்கினால் எல்லாமே அவரை. கேழ்வரகில் தொடங்கினால் அவரையே கண்ணில் படாது. வயலில் தானே திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கும் நம் இடைவெளியும் ஒன்றாக இருக்கக் கூடாது. சொட்டுநீர்க் குழாய் வரிசைகள், பசுமைக்குடில் ரோஜாப் பாத்திகள் ஆகியவற்றிலும் இதைக் கவனியுங்கள்.

மூன்றாம் முறை: வகை பிரித்து எடுத்தல்

முழுமை வெளிப்படையாக வேறுபட்ட பகுதிகளைக் கொண்டிருந்தால், முதலில் வகை பிரித்து, பிறகு ஒவ்வொரு வகையிலும் சமவாய்ப்பாக எடுக்க வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிகளில் ஓர் ஊரிலேயே காட்டோரச் சரிவு, மேட்டு மானாவாரி, ஏரிக்குக் கீழ் நிலம் என்று மூன்று வகை இருக்கும். யானை நடமாட்டத்துக்கு அஞ்சியோ, வண்டி போகாது என்றோ காட்டோரத்தை விட்டுவிட்டால், ஊரின் கணக்கு தவறிவிடும்.

வகை பிரித்தபின் சராசரி காணும்போது, பரப்புக்கு ஏற்ப மதிப்புக் கொடுக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஓர் ஊரில் 100 ஹெக்டேர் கேழ்வரகு.

காட்டோரம்: 30 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 800 கிலோ.
மேட்டு மானாவாரி: 60 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 1500 கிலோ.
ஏரிக்குக் கீழ்: 10 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 2500 கிலோ.

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1600 கிலோ. இது தவறு. ஏரிக்குக் கீழுள்ள 10 ஹெக்டேருக்கும் மேட்டிலுள்ள 60 ஹெக்டேருக்கும் ஒரே மதிப்புக் கொடுத்துவிட்டோம். சரியான கணக்கு: 30 × 800 = 24,000; 60 × 1500 = 90,000; 10 × 2500 = 25,000. மொத்தம் 1,39,000 கிலோ. 100-ஆல் வகுத்தால் 1390 கிலோ.

வேறுபாடு 210 கிலோ. இது காகிதத்தில் மட்டும் நிற்கும் வேறுபாடு அன்று என்பதை அடுத்த பகுதியில் காண்போம்.

பல படி முறை: பயிர் அறுவடைப் பரிசோதனை

ஒரு மாவட்டத்தின் எல்லா வயல்களுக்கும் சீட்டு எழுதிக் குலுக்க இயலாது. ஆகவே படிப்படியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் கிராமங்கள், கிராமத்துக்குள் புல எண்கள், புலத்துக்குள் வயல், வயலுக்குள் சதுரம். ஒவ்வொரு படியிலும் சமவாய்ப்பு எண்களே தேர்வு செய்யும். நம் மாநிலத்தில் விளைச்சல் மதிப்பீட்டுக்காக நடைபெறும் பயிர் அறுவடைப் பரிசோதனை இவ்வகையைச் சேர்ந்தது.

இதன் வரலாறு நம் நாட்டுக்குப் பெருமை தருவது. 1920-களில் பீகார்–ஒரிசாவில் ஹப்பக் என்ற அதிகாரி, நெல் வயல்களில் சமவாய்ப்பாகச் சிறு துண்டுகளை அறுத்து விளைச்சலை மதிப்பிட்டார். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பேராசிரியர் மகலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தின் சணல் பரப்பை மாதிரி முறையில் மதிப்பிடும் பணியை மேற்கொண்டார். அவர் பிறந்த ஜூன் 29-ஆம் நாளை 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய சுகாத்மே, பான்சே ஆகியோர் உணவுப் பயிர்களுக்கான பயிர் அறுவடைப் பரிசோதனை முறையை நாடெங்கும் பரவச் செய்தனர்.

சதுரம் ஏன் 5 மீட்டர்? சிறிதாக வைத்தால் வேலை குறையுமே என்று தோன்றும். சுகாத்மே 1940-களில் இதை ஆராய்ந்தார். மிகச் சிறிய துண்டுகளில் விளைச்சல் உண்மையைவிட அதிகமாகத் தெரிவதைக் கண்டார். காரணம், எல்லைக் கயிற்றில் நிற்கும் செடியை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா என்ற ஐயம் வரும்போது, அறுப்பவர் கை அதை உள்ளே இழுத்துவிடுகிறது. சிறிய துண்டில் பரப்பைப் பார்க்க எல்லையின் பங்கு அதிகம். ஆகவே பிழையும் அதிகம். 25 சதுர மீட்டரில் அந்தப் பிழை சிறுத்துவிடுகிறது.

அறுத்த கதிரைத் தனியே அடித்துத் தூற்றி எடை போடுவார்கள். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் 25 சதுர மீட்டர் துண்டுகள் 400. ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 162. நான்கு சதுரங்களில் 5.0, 6.5, 4.5, 6.0 கிலோ கிடைத்தால் மொத்தம் 22, சராசரி 5.5 கிலோ. 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 2200 கிலோ. 162-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு 891 கிலோ. தானியம் ஈரமாக இருந்தால் அதில் ஒரு கிலோவைக் காய வைத்து மறுபடி எடை பார்க்க வேண்டும். ஒரு கிலோ 850 கிராமாகச் சுருங்கினால் 2200 கிலோ 1870 கிலோவாகும்.

இழப்பீடு எப்படி இதைச் சார்ந்தது?

2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், விளைச்சல் இழப்பைத் தனித்தனி உழவரின் வயலில் பார்ப்பதில்லை. அறிவிக்கை செய்யப்பட்ட அலகின், அதாவது வருவாய்க் கிராமம் அல்லது குறுவட்டத்தின் சராசரி விளைச்சலைப் பார்க்கிறார்கள். கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை, அந்த அலகுக்கு உரிய ஈட்டு விழுக்காட்டால் பெருக்கினால் வருவது 'உறுதி விளைச்சல்'. இந்த ஆண்டு விளைச்சல் அதைவிடக் குறைந்தால், குறைந்த விகிதத்துக்கு ஏற்பக் காப்பீட்டுத் தொகையில் பங்கு கிடைக்கும்.

முன்சொன்ன கற்பனை ஊரின் உறுதி விளைச்சல் 1600 கிலோ என்றும், காப்பீட்டுத் தொகை ஹெக்டேருக்கு 40,000 ரூபாய் என்றும் கொள்வோம். தவறான சராசரியின்படி விளைச்சல் 1600, குறைவு இல்லை, இழப்பீடும் இல்லை. சரியான சராசரியின்படி 1390, குறைவு 210. 210-ஐ 1600-ஆல் வகுத்து 40,000-ஆல் பெருக்கினால் 5,250 ரூபாய். காட்டோர வயல்களைச் சரியான அளவில் சேர்த்தார்களா இல்லையா என்பதில், ஊரில் ஒவ்வொரு ஹெக்டேருக்கும் 5,250 ரூபாய் அடங்கியிருக்கிறது.

"என் பயிர் காய்ந்தது; ஆனால் என் வயலில் அறுக்கவே இல்லையே!" என்ற மனக்குறை பலருக்கு உண்டு. உங்கள் வயல் குலுக்கலில் வரவில்லை என்பது அநீதி அன்று. எல்லா வயலுக்கும் வாய்ப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி. ஆனால் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மாதிரி முறை ஊரின் சராசரியைத்தான் சொல்லும். ஊர் முழுவதும் நன்றாக விளைந்து, ஒருவர் வயல் மட்டும் பொய்த்தால், அந்தச் சராசரியில் அவர் துயரம் தெரியாது. முறையின் எல்லை அது.

ஆகவே பரிசோதனை நடக்கும்போது நீங்கள் உடனிருந்து கவனிக்க வேண்டியவை:

1. புல எண்ணும் சதுரமும் சமவாய்ப்பு எண்ணால் வந்தவையா என்று கேளுங்கள். இப்போது கைப்பேசிச் செயலி வழியாகவும் பதிவு செய்கிறார்கள்.
2. தென்மேற்கு மூலையிலிருந்து தப்படி எண்ணுகிறார்களா என்று பாருங்கள்.
3. குறுக்களவு சரிபார்க்கப்பட்டதா, தராசு காலியாக இருக்கையில் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.
4. உங்கள் வயல் தேர்வாகியிருந்தால், பரிசோதனைக்கு முன் அறுத்துவிடாதீர்கள். நீங்கள் முந்தி அறுத்தால் ஊரின் கணக்கு கெடும்.
5. நல்ல இடத்தையோ கெட்ட இடத்தையோ நீங்களும் காட்டாதீர்கள். இன்று உங்களுக்குச் சாதகமாகத் தள்ளிய முளை, நாளை வேறொருவரால் எதிராகவும் தள்ளப்படும்.

எத்தனை மாதிரி போதும்?

"பெரிய முழுமைக்குப் பெரிய மாதிரி வேண்டாமா?" என்பது இயல்பான கேள்வி. நன்றாகக் கலந்த குழம்பு சிறு சட்டியில் இருந்தாலும் பெரிய அண்டாவில் இருந்தாலும், உப்புப் பார்க்க ஒரு கரண்டி போதும். முழுமையின் அளவைவிட, அது எவ்வளவு வேறுபடுகிறது என்பதும், நாம் எத்தனை மாதிரி எடுக்கிறோம் என்பதுமே முக்கியம்.

தக்காளி வண்டியில் 100 பழங்களைச் சமவாய்ப்பாக எடுத்ததில் 8 பழுது என்றால், முழு வண்டியிலும் சரியாக 8 விழுக்காடு என்று சொல்லிவிட முடியாது. பெட்டிக்குப் பெட்டி பெரிய வேறுபாடு இல்லாதபோது, உண்மை ஏறத்தாழ 3 முதல் 13 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்று நம்பலாம். 400 பழங்களில் 32 பழுது என்றால், அப்போதும் 8 விழுக்காடுதான். ஆனால் உண்மை ஏறத்தாழ 5 முதல் 11-க்குள் என்று சொல்லலாம். நான்கு மடங்கு எடுத்தால் பிழை பாதியாகும். இரண்டு மடங்கு எடுத்தால் பாதியாகாது. எனவே, செலவையும் பயனையும் ஒப்பிட்டு எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். பத்துப் பழத்தை மட்டும் பார்த்து 'பத்தில் இரண்டு கழிவு' என்று எவரேனும் விலையைக் குறைத்தால், "இன்னும் சில பெட்டிகளில் பார்ப்போம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மண்ணும் நீரும்

மண் மாதிரியில் நாம் பல இடங்களில் எடுத்து ஒன்றாகக் கலக்கிறோம். கேழ்வரகு, நெல், நிலக்கடலை போன்ற பயிர்களுக்கு 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி எடுத்து, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்ட வேண்டும். ஒரே தன்மையுள்ள நிலத்தில், குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஏக்கருக்கு 10 முதல் 15 இடங்களில் எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குழி இருந்த இடம், வாய்க்கால் ஓரம், அண்மையில் உரமிட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். எல்லா மண்ணையும் சாக்கில் கொட்டிக் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை நீக்குங்கள். மீதியை மறுபடி கலந்து பிரியுங்கள். அரைக் கிலோ வரும்வரை இவ்வாறு செய்யுங்கள். இதுவே கால் பங்கு முறை. வயலைக் கொதிக்கும் உலையாக மாற்றும் வழி இது.

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று கட்டம் பிரித்து மாதிரி எடுத்தார்கள். 10 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 25 ஏக்கர். ஆகவே, அவ்வாறு பெற்ற அட்டை உங்கள் அண்டை நிலத்து மண்ணைக் கொண்டும் எழுதப்பட்டிருக்கலாம். ரோஜா, காய்கறி என்று செலவு மிகுந்த பயிர் வைக்குமுன், உங்கள் நிலத்து மண்ணை நீங்களே முறைப்படி எடுத்துச் சோதிப்பது நல்லது.

நீருக்கு இடத்தோடு காலமும் முக்கியம். கிணற்று நீரானால் மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலைக் கழுவி, பிறகு ஒரு லிட்டர் பிடியுங்கள். தென்பெண்ணையில் பெங்களூருப் பக்கத்திலிருந்து வரும் கழிவுநீரால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அத்தகைய நீர் நாளுக்கு நாள் மாறும். மழை பெய்து வெள்ளம் வந்த ஒரு நாளில் எடுத்த மாதிரியோ, தெளிந்து ஓடிய ஒரு நாளில் எடுத்த மாதிரியோ முழு உண்மையைச் சொல்லாது. குலுக்கி எடுத்த ஒரு நாளில் தொடங்கி, பருவம் முழுவதும் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்து, தேதியும் நேரமும் குறித்து வைத்தால்தான் பேச்சுக்கு ஆதாரம் கிடைக்கும்.

பூச்சிக் கணக்கெடுப்பிலும் இவ்வாறே. 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதலில் தென்பட்டு நாடெங்கும் பரவிய மக்காச்சோளப் படைப்புழுவைக் கண்காணிக்க, வரப்போர வரிசைகளை விட்டு உள்ளே சென்று, 'டபிள்யூ' வடிவில் நடந்து, 5 இடங்களில் இடத்துக்கு 20 செடிகள் பாருங்கள். மொத்தம் 100 செடிகள். தாக்கப்பட்டவை 12 என்றால் 12 விழுக்காடு. ஒரு மூலையில் புழுவைக் கண்டு பதறி முழு வயலுக்கும் மருந்தடிப்பதும், ஒரு மூலையில் காணாமல் அலட்சியமாக இருப்பதும் இரண்டுமே நட்டம்.

வீட்டுப் பயிற்சி

1. வயல் நீளம் 48 தப்படி, அகலம் 30 தப்படி. எந்த எண்கள் வரை குலுக்க வேண்டும்?
2. மூன்று சதுரங்களில் 4.2, 5.1, 3.9 கிலோ கிடைத்தது. ஹெக்டேர் விளைச்சல் என்ன? ஏக்கர் விளைச்சல் என்ன?
3. மாம்பழ வண்டியின் பின்கதவைத் திறந்து, கைக்கு எட்டிய பழங்களை மட்டும் சோதித்தால் என்ன பிழை?

விடைகள்: (1) நீளத்தில் 41 வரை, அகலத்தில் 23 வரை. (2) சராசரி 4.4 கிலோ, ஹெக்டேருக்கு 1760 கிலோ, ஏக்கருக்கு சுமார் 713 கிலோ. (3) உள்ளேயும் அடியிலும் உள்ள பழங்களுக்கு வாய்ப்பே இல்லை. எனவே பக்கச் சாய்வு.

இவ்வாண்டு அறுவடைக்கு முன், உங்கள் கேழ்வரகு வயலில் நான்கு சதுரங்களைக் குலுக்கி எடுத்து அறுத்து எடை போட்டு, மதிப்பை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு களத்தில் கிடைக்கும் முழு விளைச்சலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதையும், எங்கே தவறுகிறது என்பதையும் உங்கள் வயலே உங்களுக்குக் கற்றுத்தரும். அடுத்த முறை உங்கள் ஊரில் யாரேனும் முளை அடிக்க வரும்போது, "இந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்க நீங்கள் தயாராக இருப்பீர்கள்.